பழுது எங்கே?

பழையதைத் திருத்திப் பாவிப்பதா, அன்றிக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குவதா? இக்கேள்வி எழாத வீடு எமது நாட்டில் இல்லை. குடைக்கம்பி முறிந்தாலும், மண்வெட்டிப் பிடி கழன்றாலும், குசினிக் குழாய் ஒழுகினாலும், அன்று மாலை வீட்டுத் தலைவருக்கும் தலைவிக்கும் இடையில் ஒரு சிறு மந்திராலோசனை நடைபெறுவது வழக்கம். அதன் முடிவு எதுவாயினும் குடும்பம் கவிழ்ந்துவிடுவதில்லை. ஆயின், 140 பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு வாளியுடன் வரிசையில் நிற்கும் ஒரு மாணவர் விடுதியிலே, அல்லது முகூர்த்தத்துக்கு ஊரே திரளும் ஒரு கல்யாண மண்டபத்திலே, அல்லது நோயாளர் படுத்திருக்கும் ஒரு வைத்தியசாலையிலே அதே கேள்வி எழுமாயின் அதன் பாரம் வேறு. அத்தகைய இடங்களில் ஒருநாள் தண்ணீர் நின்றால் சமையல் நிற்கும், துப்புரவு நிற்கும், நல்ல பெயரும் உடன் நிற்கும்.

இக்கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு எதிர்பாராத விதமாக எம் தலையில் வந்து விழுந்தது. அப்பொறுப்பிலே நாம் செய்த ஒரு பிழையையும், அப்பிழை எமக்குப் புகட்டிய பாடத்தையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். ஆசிரியர் ஒருவர் தம் பிழையைத் தாமே சொல்லக் கேட்பது மாணவருக்கு எக்காலத்திலும் இனிப்பான செய்தி. ஆதலால் மாணவர்களும் இதனை விரும்பிப் படிப்பார்கள் என்று நம்புகின்றோம்.

நாம் ஒரு கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிக்கின்றோம். பாய்பொருளின் அமுக்கம் பற்றி இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியும் அழித்தும் வருகின்றோம். இதனாற் போலும், 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிபர் எம்மை அழைத்து, விடுதியின் நீர்விநியோகத்தை எம்மிடம் ஒப்படைத்தார். “தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா, மாஸ்ரர்?” என்றார். எல்லாம் தெரியும் என்றே நாமும் அன்று நினைத்திருந்தோம்.

விடுதியின் பின்புறத்தில் ஒரு பழைய கிணறு. கிணற்றடியில் ஓர் ஓட்டுக் கொட்டில். கொட்டிலுக்குள் இரண்டு குதிரைவலு உள்ள ஒரு வார்ப்பிரும்பு இறைப்பு இயந்திரம். ஊரார் வாயில் அதற்கு ‘மெசின்’ என்று பெயர். அது கிணற்றிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வழியாக நீரை உறிஞ்சி, நான்கு தூண்களின் மேல் நிற்கும் தாங்கிக்கு ஏற்றும். தாங்கியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் குழாய்கள் பிரியும். இவ்வளவே எமது ஆட்சிக்குட்பட்ட இராச்சியம்.

இராச்சியம் கைக்கு வந்த சில வாரங்களிலேயே சோதனையும் வந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. பங்குனி மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. அந்த நாட்களிலேதான் எமது மெசின் கீச்சிட்டு அலறத் தொடங்கிற்று. அதன் கழுத்தடியில் நீரும் கசிந்தது. கடைக்காரரிடம் புதிய மெசினுக்கு விலை கேட்டால், “இன்றைக்குச் சொல்லும் விலை நாளைக்கு நில்லாது” என்றார்கள். புதியது வாங்கும் வழி அடைபட்டமையால் திருத்துவோரைத் தேடிப் போனோம். அப்போது கிடைத்தவர்தான் இக்கட்டுரையின் நாயகர்.

எழுபது வயது கடந்தவர். பழைய துவிச்சக்கர வண்டியில், கைப்பிடியிலே தொங்கும் ஒரு சாக்குப் பையுடன் வந்தார். பையிற் சில சாவிகள், ஒரு சுத்தியல், ஒரு முழக்கயிறு, அவ்வளவே. விடுதிப் பிள்ளைகள் அவருக்கு ‘மெசின் அப்பு’ என்று பெயரிட்டார்கள். அவர் இயந்திரத்தைக் கழற்றுமுன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார், நாடி பார்க்கும் வைத்தியரைப் போல. பின்பு தேய்ந்திருந்த பெயரிங் இரண்டையும், நீர் கசியவிட்ட சீலையும் மாற்றினார். செலவு 18,000 ரூபா. அலறல் நின்றது, கசிவும் நின்றது. நாம் அவருக்கு நன்றி சொன்னோம். உள்ளத்திலோ, ‘இது ஏழைக் காலத்துக்கு ஏற்ற ஒட்டுவேலை, நல்ல காலம் வந்ததும் இதனை மாற்றிவிட வேண்டும்’ என்று எண்ணிக்கொண்டோம்.

இந்த எண்ணம் எமக்கு மட்டும் உரியதன்று. எங்கள் தலைமுறையின் மனத்தில் ஊறிப்போன எண்ணம் அது. அதற்குக் காரணமும் உண்டு.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம், சீமெந்து, உதிரிப்பாகம் எல்லாம் அரும்பொருள்களாயின. அப்போது நாம் சிறுவர். ஜாம் போத்தலிலே திரியிட்ட சிக்கன விளக்கின் கீழ்ப் படித்தவர்கள் நாம். மோட்டார்ச் சைக்கிள் வைத்திருந்தோர் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் எம் தந்தையாருக்கு ஒரு மண்ணெண்ணெய் மெசின் இருந்தது. அதற்குப் பழைய ரியூப்பை வெட்டி வாசர் செய்வார். தேய்ந்த அச்சைக் கடைச்சற் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்வார். மண்ணெண்ணெய் அறவே இல்லாதபோது, பாட்டனார் காலத்துத் துலாவை மீண்டும் நாட்டி வெங்காயத்துக்கு இறைத்தார். 1995 ஐப்பசி 30 ஆந் திகதி இரவில் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்த மெசினைச் சாக்கினாற் போர்த்திவிட்டுத்தான் தந்தையார் வாசலைத் தாண்டினார். மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது, சீமெந்துத் தளத்தில் நான்கு ஆணிகள் மட்டுமே நின்றன.

இவ்வாறு வளர்ந்தவனுக்குத் திருத்துதல் என்றால் வறுமை என்றும், புதிது என்றால் விடுதலை என்றும் மனம் படிந்துவிடுவதில் வியப்பில்லை. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோதும், இடையில் மூடுண்டு 2009 க்குப் பின் மீண்டும் திறந்தபோதும், தெற்கிலிருந்து புதுப்பொருள்கள் வெள்ளம்போல் வந்தன. விற்போர் பெருகினர்; திருத்துவோர் அருகினர். தடைக்காலத்திலே ஊரின் இயந்திரங்களையெல்லாம் உயிரோடு வைத்திருந்த கைகள் வேலையின்றி மடியில் ஓய்ந்தன. மெசின் அப்பு அந்தக் கைகளுக்கு உடையவர்.

இனி எமது பிழைக்கு வருவோம்.

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதம். நாட்டின் நெருக்கடி சற்றே தணிந்து, கடைகளிற் பொருள்கள் மீண்டும் நிறைந்தன. அந்த வேளையில் விடுதியிலே நீர் குறைந்தது. இரண்டு மணித்தியாலத்தில் நிறைந்த தாங்கி நிறைய நான்கு மணித்தியாலம் பிடித்தது. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. நீரோ மெலிந்து வந்தது. ‘கிழட்டு மெசின் ஓய்ந்துவிட்டது’ என்று தீர்ப்பளித்தோம். முறைக்காக அப்புவையும் அழைத்துக் கேட்டோம். அவர் வழமைபோலக் கையை வைத்துப் பார்த்தார். பின்பு சொன்னார்:

“மாஸ்ரர், மெசினைக் குறை சொல்லாதையுங்கோ. அது இழுக்கத்தான் பாக்குது. ஆரோ அதின்ர வாயைப் பொத்தி வைச்சிருக்கினம். முதல்ல அந்தக் குழாயைக் கழட்டிப் பாப்பம். கிணத்தையும் ஒருக்கா அளப்பம்.”

எமக்கு அது பிடிக்கவில்லை. “அப்பு, இன்னும் எத்தனை நாளைக்கு ஒட்டுப் போடுவது? இது 140 பிள்ளைகள் இருக்கிற இடம்” என்றோம். அவர் மறுமொழி சொல்லாமற் சாக்குப் பையை எடுத்துக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போன விதம் அன்றிரவு எம்மைச் சிறிது உறுத்தியது. ஆயினும் மறுநாட் காலை அந்த உறுத்தலைப் பொருட்படுத்தவில்லை.

நகரிலே குழாய்ப் பொருள் வியாபாரம் செய்யும் எமது பழைய மாணவர் ஒருவரிடம் சென்றோம். “எத்தனை குதிரைவலு வேணும், சேர்?” என்று கேட்டார். ஐந்து என்றோம். ஏன் ஐந்து? இரண்டிலும் ஐந்து பெரிது என்பதைத் தவிர வேறு காரணம் எம்மிடம் இருக்கவில்லை. புதிய மெசின், புதிய உறிஞ்சு குழாய், மின்பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. விடுதிக் குழுவிலே நாமே எழுந்து நின்று பேசி அப்பணத்தைப் பெற்றோம். பழைய மெசினும் குழாயும் கொட்டிலின் மூலைக்குப் போயின.

புதியது ஓடிய முதல்நாள் விடுதியில் ஒரு திருவிழா. தாங்கி நாற்பது நிமிடத்தில் நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சமையற்காரர் பாயாசம் வைத்தார். நாம் அதனை இரண்டு முறை வாங்கிக் குடித்தோம்.

நான்காம் வாரத்திலே அதே சமையற்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். “மாஸ்ரர், பருப்பு அவியுதில்லை. தேத்தண்ணியும் ஒரு மாதிரி உவர்க்குது.” அன்று மாலை ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், நாம் யாருடைய பிழையைத் தேடுகின்றோம் என்பதை அறியாமல், “சேர், சவுக்காரம் நுரைக்குதில்லை” என்று முறையிட்டான். இரசாயனவியல் ஆசிரியரான நண்பரிடம் ஒரு போத்தல் நீரைக் கொடுத்தோம். அவர் அதில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சில துளி விட்டார். தெளிந்த நீர் பால்போல வெளுத்தது. அயல் வளவுக் கிணற்று நீரிலே விட்டபோது மெல்லிய புகார் மட்டுமே படர்ந்தது. எமது கிணற்றில் உப்பு ஏறிவிட்டது.

அதன்பின் ஆறு வாரம் குடிநீர் பவுசரில் வந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டிய நேரத்திலே வாளி சுமந்தார்கள். அந்த வரிசையைப் பார்க்க எமக்கு முகம் இருக்கவில்லை. பௌதிகவியல் ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் மிக்க தண்டனை வேண்டுவதில்லை.

மாணவர்களே, நடந்தது என்ன என்பதை விளக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டுமே ஆறு. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தின் கீழே ஒரு வில்லைபோலத் தேங்கி நிற்கின்றது. அதன் அடியிலும் அருகிலும் இருப்பது கடல்நீர். கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நிறை கூடியது. ஆதலால் நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. அந்த இரண்டரையினால் நூறை வகுத்தால் நாற்பது வரும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது இதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலே கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901 இலே ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் இவ்வுண்மையைத் தனித்தனியே கண்டு கூறினார்கள். இதன் மறுபக்கந்தான் கொடியது. மேலே நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி, அதே நிலையில் நீடிக்க விட்டால், கீழே உவர்நீர் நாற்பது அடி மேலெழ முயலும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போவோர் அதன் ஆழத்தை வியந்து திரும்புவர். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அது எமது நிலத்தின் இரகசியத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதை நினைப்போர் சிலரே.

நாம் கிணற்றை அளந்தது உப்பு ஏறிய பின்பே. அளந்தவரும் அப்புவே. அவர் வீட்டுக்கு நாமே சென்று அழைத்தோம். “நான் அப்பவே சொன்னனான்” என்ற சொல்லை எதிர்பார்த்து, அதற்குத் தலைகுனியவும் ஆயத்தமாகச் சென்றோம். அச்சொல் அவர் வாயில் வரவே இல்லை. முழக்கயிற்றைக் கிணற்றில் இறக்கிவிட்டு, “புது மெசின் ஓடேக்க தண்ணி எவ்வளவு இறங்குது எண்டு பாத்தனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். ஓட்டிப் பார்த்தோம். நான்கடி இறங்கிற்று. பின்பு பழைய மெசினைப் பொருத்தி ஓட்டினோம். ஒரு சாண் இறங்கி, அவ்வளவில் நின்றது. சாணுக்கும் நான்கடிக்கும் உள்ள வேறுபாடே இனிப்புக்கும் உவர்ப்புக்கும் உள்ள வேறுபாடாயிற்று.

அப்படியாயின் பழைய மெசின் நீரைக் குறைத்தது ஏன்? மூலையிற் கிடந்த பழைய உறிஞ்சு குழாயை அப்பு வாளால் அறுத்துக் காட்டினார். இரண்டு அங்குலக் குழாய். உள்ளே எமது நீரின் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, நடுவில் ஒரு பெருவிரல் நுழையும் துவாரமே எஞ்சியிருந்தது. விட்டம் பாதியானால் வழியின் பரப்பு நாலில் ஒன்றாகும். உராய்வோ அதனினும் மோசமாகப் பெருகும். அடியிலிருந்த வால்வும், இறங்கும் நீரைத் தடுக்க மாட்டாமற் கசிந்துகொண்டிருந்தது. மெசின் நோயற்றது. அதன் வாய்தான் பொத்தப்பட்டிருந்தது. அப்பு சொன்னது உவமையன்று, உள்ளதை உள்ளவாறு சொன்ன சொல் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

இவ்விடத்தில் நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்து எம்மைச் சுட்டது. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலிலே உரையாடுவோருள் ஒருவர் தம் அநுபவம் ஒன்றைக் கூறுகின்றார். நீர்த்தொட்டி ஒன்றில் உறிஞ்சு இயந்திரம் ஒருநாள் நீர் தரவில்லை. இயந்திரம் பழுது என்று எண்ணித் திருத்துவதற்கு ஒரு வேலையாளை அழைத்தார். அவ்வேலையாளோ, இயந்திரத்திற் குற்றமில்லை. நீர் மிகவும் தாழ்ந்துவிட்டது. 18 முழத்துக்கு மேல் எந்த உறிஞ்சு இயந்திரமும் நீரை ஏற்றாது என்று விளக்கினான். அந்த எல்லைக்குக் காரணம் வளிமண்டலத்தின் அமுக்கமே என்பதைத் தொரிசெல்லி 1643 இல் இரசக் குழாயைக் கொண்டு காட்டினார். பெரிய விஞ்ஞானம் ஒன்றின் வாசலிலே பெயரறியாத ஒரு வேலையாள் நிற்கின்றான். இக்கதையை இருபது ஆண்டு சொன்ன நாம், எமது கிணற்றடிக்கு அதே வேலையாள் துவிச்சக்கர வண்டியில் வந்தபோது அடையாளங் காணவில்லை.

இதிலிருந்து, பழையதே சிறந்தது, புதியது தீது என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடலாகாது. அப்புவே அவ்வாறு எண்ணுபவரல்லர். அடுத்த மாதம் குளியலறைகளைப் பார்வையிட்டபோது, மாதந்தோறும் வாசர் மாற்றி நாம் பேணிவந்த பழைய திருகிகளைக் கண்டார். உப்பு அரித்து, இருப்பிடமே தேய்ந்துபோனவை அவை. “இதுகள் செத்துப்போச்சு மாஸ்ரர், இன்னும் ஏன் மருந்து குடுக்கிறியள்?” என்று கேட்டு, இருபத்திரண்டையும் கழற்றி எறியச் செய்தார். கணக்குப் பார்த்தால், அவற்றுக்கு இரண்டு ஆண்டில் நாம் செய்த சில்லறைச் செலவு புதியவற்றின் விலையைத் தாண்டியிருந்தது. உறிஞ்சு குழாயும் புதிதுதான். பழைய இரும்புக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாய் இட்டோம், அது துருப்பிடியாது என்பதற்காக.

ஆதலால் திருத்துவதா மாற்றுவதா என்பது மனப்பாங்கினால் முடிவுசெய்யும் காரியமன்று. கேட்டறிந்து முடிவுசெய்யும் காரியம். அப்புவின் பின்னே இரண்டு ஆண்டு நடந்து நாம் கற்ற கேள்விகள் சில உண்டு. முதற்கேள்வி, பழுது எங்கே என்பது. இயந்திரத்திலா, குழாயிலா, வால்விலா, மின்சாரத்திலா, கிணற்றிலா? இதற்கு விடை காணுமுன் பணப்பையைத் திறத்தல், நோயறியாமல் மருந்து வாங்குதலை ஒக்கும். அடுத்தது, பழுது உடலிலா உறுப்பிலா என்பது. சீலும் பெயரிங்கும் வாசரும் தேய்வதற்கென்றே ஆக்கப்பட்டவை. அவற்றை மாற்றுதல் இயந்திரத்துக்கு உணவளித்தலை ஒக்கும். வார்ப்புடல் வெடித்ததாயின், அல்லது அச்சிருக்கும் இடமே தேய்ந்ததாயின் வழியனுப்பி வைத்தலே முறை. மூன்றாவது, அதற்குரிய உறுப்பு நாளையும் கிடைக்குமா, அதைப் பொருத்தும் கை நாளையும் இருக்குமா என்பது. மலிவாகக் கிடைத்த புதிய இயந்திரத்துக்கு ஒரு சீல் தேடி மூன்று வாரம் அலைந்தால், அந்த மலிவு எங்கே போயிற்று?

வீட்டுக்கு இல்லாத ஒரு கேள்வி பெரிய இடங்களுக்கு உண்டு. திருத்தும்வரை தண்ணீருக்கு என்ன வழி? எங்கள் கோயில்களிலே திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலத்தானத்தில் வேலை நடக்கும் காலமெல்லாம் சிறு ஆலயத்திலே பூசை தொடரும், ஒருநாளும் தடைப்படாது. விடுதியும் மண்டபமும் வைத்தியசாலையும் நடத்துவோர் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே. மாற்று இயந்திரம் ஒன்று ஆயத்தமாக இருக்குமாயின், ஆறுதலாக இருந்து ஆராய்ந்து முடிவுசெய்யலாம். அது இல்லாதவன் அவசரத்திலே வாங்குவான். அவசரத்தில் வாங்குபவன் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சியே வாங்குவான். எமது ஐந்து குதிரைவலு அதற்குச் சான்று.

இறுதிக் கேள்வி எமது மண்ணுக்கே உரியது: புதியது இடத்தின் வலுவுக்கு ஏற்றதா? கடைக்காரர் கேட்டது மெசினின் குதிரைவலு. நாம் அறிந்து சொல்லியிருக்க வேண்டியது கிணற்றின் வலு. ஆழம் அறியாமற் காலை விடாதே என்ற பழமொழியைக் கிணற்றடியிலேயே மறந்தோம். இதே பிழையைப் பெரிய அளவிலே எமது நாடும் ஓரளவு செய்தது. 1950 களிலும் 1960 களிலும் துலாக்கள் சாய்ந்து மண்ணெண்ணெய் மெசின்கள் எழுந்தன. அதனாற் கமக்காரரின் தோள்நோவு தீர்ந்தது. வெங்காயமும் மிளகாயும் செழித்தன. அந்த நன்மையை மறுப்பது நன்றிகேடு. ஆயின் துலா மிதித்த மனிதனின் களைப்பு, கிணற்றுக்கு ஓர் ஓய்வாகவும் இருந்தது. களைக்காத மெசின் வந்தபோது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நினைவும் களைந்து போயிற்று. இன்றோ கடல்நீரையே நன்னீராக்கி, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல நிலையம் ஒன்று 2024 ஆவணியில் வடமராட்சி கிழக்குத் தாளையடியிலே திறக்கப்பட்டிருக்கின்றது. அது பெரும் பேறு. ஆயினும் கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவை நினைக்குந்தோறும், கையிலிருந்த நன்னீருக்குள் உப்பை இழுத்துவிட்ட எமது அவசரம் நினைவுக்கு வருகின்றது.

எமது கதையின் முடிவையும் சொல்லிவிடுவோம். பழைய மெசின் புதிய குழாயுடன் மீண்டும் அரசாளுகின்றது. தாங்கி நிறைய இரண்டேகால் மணித்தியாலம் செல்கின்றது. அதனை ஒரேயடியாக ஓட்டாமல், நாளில் நான்கு முறையாகப் பிரித்து ஓட்டுகின்றோம். 2023 இன் மாரி மழை பெய்து ஓய்ந்தபின், தை மாதத்திலே கிணற்று நீரின் உவர்ப்பு வெகுவாகக் குறைந்தது. பருப்பு மீண்டும் அவிந்தது. புதிய மெசினை வன்னியிலே வாய்க்கால் நீரை இறைக்கும் ஒரு கமக்காரருக்கு நட்டத்துக்கு விற்றோம். தனக்கேற்ற இடத்தில் அது நன்றாக உழைக்கின்றது என்று கேள்வி. நட்டத்தில் ஒரு பங்கை எமது சம்பளத்திலிருந்து கொடுத்தோம். வீட்டிலே நடந்த மந்திராலோசனையை இங்கு எழுதுவது தகாது.

விற்ற இடத்துப் பழைய மாணவர் தம்மேல் வருத்தமோ என்று அஞ்சி வந்தார். அவர்மேல் ஒரு குற்றமுமில்லை என்று சொல்லி, அவரை அப்புவிடம் அழைத்துச் சென்றோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையைப் பூட்டிவிட்டு அப்புவின் திண்ணையில் அமர்ந்து, எரிந்த மோட்டரின் செப்புச் சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றப் பழகுகின்றார். அப்புவின் விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. மெசினுக்கு மாற்று மெசின் உண்டு. அவ்விரல்களுக்கு மாற்று இனித்தான் உருவாக வேண்டும். பிள்ளைகளை வைத்தியராக்கவும் பொறியியலாளராக்கவும் துடிக்கும் பெற்றோர்கள், இத்தகைய கைகளும் கல்வியே என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆவணி மாதந்தோறும் உயர்தர வகுப்பு மாணவர்களை முழக்கயிற்றுடன் கிணற்றடிக்கு அழைத்துச் செல்கின்றோம். மெசின் ஓடும்போது நீர் எவ்வளவு இறங்குகின்றது என்பதை அவர்களே அளந்து கொட்டிற் சுவரிலே எழுதுகின்றார்கள். எமது வகுப்பறை மேசையிலே அறுத்த குழாய்த் துண்டு ஒன்று கடதாசி பறக்காமற் காக்கும் பாரமாக இருக்கின்றது. புதிதாக வரும் மாணவர் யாராவது அதைத் தூக்கி, அதன் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து, “இது என்ன, சேர்?” என்று கேட்பதுண்டு.

“நாம் பார்க்காமல் விட்ட இடம்” என்று சொல்லி, அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்குகின்றோம்.